லேப்டாப்பைப் பிரித்துப் பூட்டிய பிறகு யூ.எஸ்.பி. வேலை செய்யவில்லையா?

(இந்த மாதப் பாடம் - குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசவும்)



போன மாதங்களில் கணக்கு, கடன், காப்பீடு என்று பார்த்தோம். இந்த மாதம் நம் வீட்டு லேப்டாப்பைப் பற்றிப் பார்க்கலாம். "அது பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று குழுவின் வரவு செலவு அதில்தான் ஏறுகிறது. மகளின் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, உதவித்தொகை எல்லாம் அதில்தான். கைரேகைக் கருவியை வைத்து ஊர் மக்களுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் சகோதரிகளில் சிலருக்கு அதுதான் அன்றாடப் பிழைப்பு.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ மாணவிகளுக்கு எல்காட் நிறுவனம் வழியாக லட்சக்கணக்கான மடிக்கணினிகள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. அப்போது படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள், சிலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கணினி இன்னும் வீட்டில் உழைக்கிறது. பத்து வருடம் தாண்டினால் பேட்டரி போகும், விசிறியில் தூசி அடையும், கீல் உடையும், கீபோர்டில் எழுத்து விழாது. கடைக்குப் போனால் செலவு என்று, யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரித்து மாற்றுகிறார்கள். இது நல்ல பழக்கம்தான், தப்பில்லை.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. புது கீபோர்டு வேலை செய்யும், திரையும் வரும். ஆனால் மவுஸைச் சொருகினால் அசையாது, பென் டிரைவைச் சொருகினால் தெரியாது. கடையில் கொடுத்தால், "போர்டு போச்சும்மா, மாத்தணும்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு. அந்தப் பணத்துக்கு உறுப்பினர் குழுவில்தான் கடன் கேட்பார். அந்தக் கடனை எழுதும் முன்னால் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள். ஏனென்றால் இப்படி நின்று போன வாய்களில் பலதுக்கு போர்டு மாற்றவே தேவையில்லை.

யூ.எஸ்.பி. என்றால் என்ன?

லேப்டாப்பின் ஓரத்தில் சப்பையான சதுர வாய் இருக்கிறதே, அதுதான் யூ.எஸ்.பி. போர்ட். இந்த முறை 1996-ல் வந்தது. அதற்கு முன்னால் மவுஸுக்கு ஒரு வாய், பிரிண்டருக்கு ஒரு வாய் என்று தனித்தனியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வாய் என்று கொண்டு வந்த குழுவில் முக்கியமானவர், குஜராத்தின் வதோதராவில் படித்து அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்த அஜய் பட்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் நாக்கும் அதன் மேல் நான்கு பித்தளை நிறக் கோடும் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கரண்டுக்கு. நடுவில் இருக்கும் இரண்டும் பேச்சுக்கு, அதாவது தகவல் போய் வருவதற்கு. வரும் கரண்டு 5 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. சாதாரண வாய் 500 மில்லி ஆம்பியர் வரைக்கும் கொடுக்கும். நாக்கு நீல நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் வேகமான 3.0 வகை. அதில் இன்னும் ஐந்து கோடு கூடுதலாக உண்டு, 900 மில்லி ஆம்பியர் வரைக்கும் கொடுக்கும்.

இந்த "கரண்டு இரண்டு, பேச்சு இரண்டு" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குறையை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பிரித்துப் பூட்டிய பிறகு ஏன் நின்று போகிறது?

பெரும்பாலும் கீழே உள்ள காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. பட்டை வயர் சரியாக உட்காரவில்லை. பல லேப்டாப்பில் ஒரு பக்கத்து யூ.எஸ்.பி. வாய்கள் பெரிய போர்டில் இருக்காது. ஓரத்தில் ஒரு குட்டி போர்டு இருக்கும். அதிலிருந்து காகிதம் மாதிரி தட்டையான ஒரு பட்டை வயர் பெரிய போர்டுக்குப் போகும். பிரிக்கும்போது இதைக் கழற்றியிருப்போம். பூட்டும்போது கோணலாகச் சொருகியிருந்தாலோ, அதன் சின்னப் பூட்டை அழுத்த மறந்திருந்தாலோ, அந்தப் பக்கமே செத்தது போல் இருக்கும். அடிக்கடி நடப்பது இதுதான்.

2. பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிட்டது. வாயில் எங்காவது ஒரு கம்பி இன்னொன்றைத் தொட்டால் கணினி அந்த வாய்க்கு கரண்டை நிறுத்திவிடும். நம் வீட்டு டிரிப்பர் விழுவது மாதிரி. சில சமயம் பக்கத்து வாயும் சேர்ந்து நிற்கும். குறை சரியான பிறகும் உள்ளே தங்கிய மின்சாரம் வடியும் வரை அப்படியே கிடப்பதுண்டு.

3. நாக்கு உடைந்திருக்கிறது, கோடு வளைந்திருக்கிறது. மூடியை நெம்பும்போதும், பென் டிரைவ் சொருகியபடியே கவிழ்க்கும்போதும் இது நடக்கும்.

4. ஸ்க்ரூ மாறிவிட்டது. லேப்டாப் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒன்று போல இருக்கும், நீளம் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் அது போர்டையே குத்திவிடும். இது ஒன்றுதான் நிஜமாகவே பெரிய செலவு வைக்கும்.

5. பழுது கருவியில் இல்லை, மென்பொருளில். ஹார்ட் டிஸ்கை மாற்றி விண்டோஸை புதிதாகப் போட்டவர்கள் இதைக் கவனிக்கவும். விண்டோஸ் 7-க்கு 3.0 வகை வாயைத் தானாகத் தெரியாது, அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதுவரை நீல வாய் வேலை செய்யாது. 2015-க்குப் பிறகு வந்த கணினிகள் பலவற்றில் எல்லா வாயுமே நின்றுவிடும். கணினி நன்றாகத்தான் இருக்கும், பார்க்கிறவருக்குப் போர்டு போனது போலத் தெரியும்.

முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும்

நம்ம ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், இங்கே ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை நடந்ததை அது சொல்கிறது. பதினைந்து படுக்கை இருந்தது. நோயைப் பார்த்து மருந்து சொல்லும் வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் தனியாக ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் இருந்தார்கள். பார்ப்பது ஒரு வேலை, அறுப்பது வேறு வேலை என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்கும் அதே முறைதான். முதலில் பிரிக்காமல் பார்ப்போம். திருப்புளி அப்புறம்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி போட்டு "ஆம்", "இல்லை" என்று எழுதுங்கள். குழுக் கணக்கு எழுதுகிற கைதானே, இது பெரிய வேலை இல்லை.

ஒரு எச்சரிக்கை: குழுக் கணக்கு உள்ள பென் டிரைவையோ கைரேகைக் கருவியையோ சந்தேகமான வாயில் சொருகிப் பார்க்காதீர்கள். உள்ளே கம்பி தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் கெட்டுப் போகலாம். சோதனைக்கு விலை குறைந்த பழைய மவுஸ் போதும். அந்த மவுஸ் நன்றாக இருக்கிறதா என்று முதலில் வேறு கணினியில் பார்த்துவிடுங்கள்.

சோதனை 1 - டார்ச். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கு நேராக இருக்கிறதா? கோடு வளைந்து பக்கத்துத் தகட்டைத் தொடுகிறதா? பஞ்சு, தூசி, உடைந்த பிளாஸ்டிக் இருக்கிறதா? தூசியைப் பல்குச்சியால் அல்லது மெல்லிய பிரஷ்ஷால் எடுக்கலாம். ஹேர்பின், ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம். நாக்கு உடைந்திருந்தால் எதையும் சொருக வேண்டாம், அந்த வாயின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

சோதனை 2 - மின்சாரத்தை வடித்தல். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகையானால் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரியைப் போட்டு ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே இருந்தால் சார்ஜரைப் பிடுங்கி, கணினி அணைந்த பிறகும் பட்டனை விடாமல் 30 விநாடி பிடியுங்கள். இரண்டாவது காரணத்தால் நின்ற வாய் இதிலேயே உயிர் பெறும். காசு செலவில்லை.

சோதனை 3 - வெளிச்சம். மவுஸை ஒவ்வொரு வாயிலும் சொருகுங்கள். அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் கரண்டு வருகிறது, பேச்சுதான் இல்லை. எரியாவிட்டால் கரண்டே வரவில்லை. எந்தப் பக்கத்து வாய் என்பதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எல்லாம் நின்று, அதே பக்கத்தில் ஹெட்போன் வாயோ மெமரி கார்டு வாயோ சேர்ந்து நின்றிருந்தால், பட்டை வயர்தான் என்று முக்கால் பங்கு சொல்லிவிடலாம்.

சோதனை 4 - விண்டோஸ் வருவதற்கு முன். யாரிடமாவது யூ.எஸ்.பி. கீபோர்டு ஒன்று இரவல் வாங்குங்கள். கணினியை ஆன் செய்த உடனே எஃப் 2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் எஃப் 1 அல்லது எஃப் 10. பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். அங்கே இரவல் கீபோர்டின் அம்புக்குறி நகர்கிறதா? நம்லாக் விளக்கு தட்டத் தட்ட எரிந்து அணைகிறதா? இங்கே வேலை செய்து விண்டோஸில் மட்டும் செய்யவில்லை என்றால், குறை கம்பியில் இல்லை, விண்டோஸில். அதே திரையில் யூ.எஸ்.பி. என்ற வரி இருந்து "டிசேபிள்" என்று காட்டினால் "எனேபிள்" ஆக மாற்றிச் சேமியுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

சோதனை 5 - கேமரா. இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமானது. திரைக்கு மேலே உள்ள கேமராவும் பெரும்பாலான லேப்டாப்பில் உள்ளுக்குள்ளே யூ.எஸ்.பி. வழியாகத்தான் பேசுகிறது. கேமராவைத் திறந்து உங்கள் முகம் தெரிந்தால், பெரிய போர்டில் யூ.எஸ்.பி.யை ஆளும் பகுதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது "போர்டே போச்சு" என்ற பேச்சை அப்படியே ஏற்கத் தேவையில்லை. அதே சமயம், கேமரா தெரியாவிட்டால் போர்டு போனது என்றும் முடிவு கட்டக் கூடாது. கேமராவின் வயர் கழன்றிருக்கலாம், அமைப்பில் அணைத்து வைத்திருக்கலாம்.

சோதனை 6 - பாஸ் லினக்ஸ், டிவைஸ் மேனேஜர். முதல் வருடங்களில் கொடுத்த அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் நம் நாட்டிலேயே தயாரித்தது அது. உங்கள் கணினியில் அது அழிக்கப்படாமல் இருந்தால், ஆன் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் மவுஸைப் பாருங்கள். அதில் ஓடினால் குறை விண்டோஸில்தான்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் வரும். விண்டோஸ் 7-ல் "கம்ப்யூட்டர்" மேல் வலது கிளிக் செய்து "மேனேஜ்" போக வேண்டும். கடைசியில் யூ.எஸ்.பி. கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பைத் திறங்கள். மஞ்சள் குறி இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து "அன்இன்ஸ்டால்" கொடுத்து, கணினியை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் அதைத் தானே தேடிப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். மஞ்சள் குறி போகவில்லை என்றால் கணினி கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். பென் டிரைவ் தேவையில்லை, வைஃபையில் நேராக இறக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவியை அந்த நிறுவனம் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான உதவி 2025 அக்டோபரில் முடிந்தது. பணம் புழங்கும் வேலைக்குப் பழைய விண்டோஸை நம்பி இருப்பது நல்லதில்லை.

நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம்

- எல்லா வாயும் நின்று, பயாஸில் மட்டும் வேலை செய்தால்: மென்பொருள். பிரிக்கவே வேண்டாம்.
- நீல வாய் மட்டும் நின்று, விண்டோஸ் 7 புதிதாகப் போட்டிருந்தால்: டிரைவர்.
- ஒரு பக்கம் மட்டும் நின்றால்: பட்டை வயர் அல்லது குட்டி போர்டு. குட்டி போர்டு தனியாகவே கிடைக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். பெரிய போர்டின் விலையில் இது சிறு பங்குதான்.
- ஒரே ஒரு வாய் மட்டும் நின்று நாக்கு உடைந்திருந்தால்: அந்த வாயை மட்டும் எடுத்துவிட்டு வேறு பற்றவைப்பார்கள்.
- எல்லா வாயும் நின்று, பயாஸிலும் இல்லை, வெளிச்சமும் இல்லை, ஆனால் கேமரா ஓடுகிறது என்றால்: வாய்களுக்குக் கரண்டு விடும் பகுதி. போர்டை மாற்றாமல் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவரைத் தேட வேண்டும்.
- ஸ்க்ரூ குத்திய அடையாளம், கருகிய வாடை, தண்ணீர் பட்ட கறை இருந்தால்: நிறுத்துங்கள். திரும்ப ஆன் செய்யாதீர்கள். கடைக்குத்தான் போக வேண்டும்.

திரும்பத் திறப்பதானால்

பட்டை வயர் என்று தெரிந்தால், முதலில் பிரித்தவரே திரும்பத் திறந்து பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் சார்ஜர், பிறகு பேட்டரி, இரண்டும் கழற்றியாக வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரியானால் மூடியைத் திறந்ததும் அதன் வயரை முதலில் பிடுங்க வேண்டும். பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தால் அதை நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. அப்படியே மூடிக் கடையில் கொடுங்கள்.

நைலான் புடவையோடு, ஃபேனுக்குக் கீழே, பாயில் உட்கார்ந்து செய்ய வேண்டாம். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டின் பாகங்களைக் கெடுக்கும். மேசை மேல் வையுங்கள். தொடும் முன் ஜன்னல் கம்பி போன்ற இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாகப் போடுங்கள். எடுத்த ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் போட்டோ எடுங்கள்.

பட்டை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் முனையில் கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தில் மெல்லிய பூட்டு இருக்கும். சிலது பொட்டு டப்பா மூடி மாதிரி மேலே நிமிரும். சிலது தீப்பெட்டி மாதிரி முன்னால் நகரும். நகத்தால் மெதுவாகச் செய்யுங்கள். வயரை எடுத்துப் பாருங்கள். முனையில் கோடுகள் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாக ஒருமுறை துடைத்து, தூளை ஊதிவிடுங்கள். எங்காவது மடிந்து வெடித்திருந்தால் அதே நீளம், அதே கோட்டு எண்ணிக்கையில் புது வயர் வாங்க வேண்டும்.

திரும்பச் சொருகும்போது போட்டோவைப் பாருங்கள், கோடு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். வயரை நேராக, கடைசி வரைக்கும் தள்ளி, பிறகு பூட்டை அழுத்துங்கள். லேசாக இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. முழுவதும் மூடும் முன், பேட்டரி வயரைச் சேர்த்து, மவுஸைச் சொருகி ஒரு முறை பாருங்கள். வந்தால் அணைத்து, பேட்டரி வயரைத் திரும்பக் கழற்றி, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து, கடைசியில் பேட்டரியைச் சேர்த்து ஸ்க்ரூக்களை அதது இடத்தில் போடுங்கள்.

திறக்கத் தயக்கமாக இருந்தால் திறக்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோட்டோடு கடைக்குப் போகலாம்.

கடைக்குப் போவதானால்

1. போகும் முன் கணக்குகளைப் பத்திரப்படுத்துங்கள். யூ.எஸ்.பி. இல்லாமலும் முடியும். இமெயிலில் அனுப்பலாம், புளூடூத்தில் போனுக்கு மாற்றலாம், கணினியில் டிவிடி இருந்தால் அதில் எழுதலாம். குழுவின் வரவு செலவு ஒரே கணினியில் மட்டும் இருப்பது எப்போதுமே ஆபத்து. கைப்பட எழுதிய பேரேடு கட்டாயம் இருக்க வேண்டும்.

2. உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் போட்டோ போன்றவை கணினியில் இருந்தால் நகல் எடுத்துவிட்டுக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை கணினியில் சேமித்து வைக்காதீர்கள், கடையில் சொல்லாதீர்கள்.

3. "யூ.எஸ்.பி. வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோட்டைக் காட்டி, "இடது பக்கம் ரெண்டும் வரலை, வலது பக்கம் வருது. கேமரா ஓடுது. பயாஸ்லயும் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கடைக்காரருக்குப் புரியும், நல்ல மெக்கானிக்குக்கு அது வேலையையும் மிச்சப்படுத்தும்.

4. வீட்டில் பிரித்ததை மறைக்க வேண்டாம். எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள் என்று சொன்னால் அவர் நேராக அங்கே பார்ப்பார்.

5. என்ன மாற்றப் போகிறார், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கூட்டமைப்புக்கு ஒரு பீரோ வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி கேட்கிறோம் அல்லவா, போர்டு மாற்றுவதற்கு இரண்டு கடையிலாவது கேட்கக் கூடாதா?

அதுவரை வேலை நிற்காமல் இருக்க

ஒரு வாயாவது ஓடினால் யூ.எஸ்.பி. ஹப் ஒன்று வாங்கி அதில் மவுஸையும் கீபோர்டையும் போடலாம். பிரிண்டர், பெரிய ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை ஒரே வாயில் சேர்த்து இழுக்க வேண்டாம், கரண்டு போதாது. ஒன்றுமே ஓடவில்லை என்றால் புளூடூத் மவுஸ் இருக்கிறது. கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், உங்கள் கருவியும் வங்கியின் செயலியும் போனில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுமானால் ஓடிஜி என்ற குட்டி வயரில் போனிலேயே சொருகலாம். லேப்டாப் கடையில் இருக்கும் நாட்களிலும் முதியோர் பென்ஷன் எடுக்க வரும் பாட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது.

குழு என்ன செய்ய வேண்டும்?

பழுது பார்க்கக் கடன் கேட்பது தப்பில்லை. லேப்டாப்பால் வருமானம் வருகிறது என்றால் அதுவும் தொழில் கருவிதான், தையல் மெஷின் மாதிரி. ஆனால் கடன் எழுதும் முன் குழு மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஆறு சோதனையும் செய்து நோட்டில் எழுதியாகிவிட்டதா? இரண்டு கடையின் விலை கையில் இருக்கிறதா? செலவு அந்தப் பழைய கணினியின் இன்றைய மதிப்பைத் தாண்டுகிறதா? தாண்டினால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வேறு கணினி வாங்குவதே லாபம்.

மாற்றிய பேட்டரியையும் போர்டையும் குப்பையோடு எரிக்காதீர்கள், பாலாற்றங்கரையில் கொட்டாதீர்கள். அதிலுள்ள நச்சு நம் தண்ணீரில்தான் சேரும். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பழைய பொருளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் அவை வைத்திருக்கின்றன. குழுவாகச் சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுக்கலாம்.

"எனக்கு என்ன தெரியும், தம்பி சொல்றதுதான்" என்று கடையில் நிற்கும் நிலை நமக்கு வேண்டாம். வங்கிக்குள் நுழையப் பயந்த நாம்தான் இன்று மேலாளரிடம் வட்டிக் கணக்கு கேட்கிறோம். அதே போல ஒரு டார்ச், ஒரு பழைய மவுஸ், ஒரு நோட்டு இருந்தால் இதையும் கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் லேப்டாப் இருக்கிறது? அதில் எத்தனை வாய் வேலை செய்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்து வந்து சொல்லவும்.
2. மவுஸ் விளக்கு எரிகிறது, ஆனால் அம்புக்குறி நகரவில்லை. நான்கு கம்பியில் எது சரி, எது சந்தேகம்?
3. கேமரா ஓடும்போது "போர்டு மாத்தணும்" என்று கடையில் சொன்னால் என்ன கேட்பீர்கள்? இருவர் கடைக்காரராகவும் உறுப்பினராகவும் நடித்துக் காட்டவும்.
4. நம் குழுக் கணக்கின் நகல் வேறு எங்கே இருக்கிறது? இல்லை என்றால் அதை எடுக்கும் பொறுப்பு யாருக்கு? பெயரையும் தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.